பாளையங்கோட்டைத் தேவாலயங்களில் ஒரு வாரம்



ஓர் ஊரில் வாழும் மக்கள் ஒருவரையொருவர் நன்கு அறிந்திருக்கின்றனர் என்று நாம் எளிதாக எண்ணிவிடுகிறோம். ஒரே தெருவில் குடியிருக்கிறோம்; ஒரே கடையில் சாமான் வாங்குகிறோம்; ஒரே வகுப்பில் அடுத்தடுத்து அமர்ந்து படிக்கிறோம். ஆயினும், அடுத்த வீட்டார் ஞாயிறு காலையில் கையில் ஒரு புத்தகத்துடன் புறப்பட்டுச் சென்று, ஒன்றரை மணி நேரம் என்ன செய்து திரும்புகின்றனர் என்று வினவினால், "கோயிலுக்குப் போகிறார்கள், பாட்டுப் பாடுகிறார்கள்" என்பதற்குமேல் நம்மிற் பலரால் விடை கூற இயலுவதில்லை. கிறிஸ்தவ மாணவரை நோக்கி, "உங்கள் வழிபாட்டில் இந்தப் பகுதி ஏன் இந்த இடத்தில் வருகிறது?" என்று கேட்டாலும், பலர் விழிக்கவே செய்கின்றனர். அறியாமை தூரத்தினால் மட்டும் விளைவதன்று, பழக்கத்தினாலும் விளையும். எனவே, இவ்விரு சாராரையும் மனத்திற்கொண்டு, ஒரு நகரத்துத் திருச்சபைகளின் வாராந்தர வழிபாட்டையும் பணிகளையும் ஈண்டு விளக்க முற்படுகிறேன்.

எடுத்துக்காட்டாக நான் கொள்ளும் நகரம் பாளையங்கோட்டை. தாமிரபரணியின் மேற்கே திருநெல்வேலியும், கிழக்கே பாளையங்கோட்டையுமாக இரட்டை நகரங்கள் அமைந்திருப்பதை நீங்கள் அறிவீர்கள். கல்வி நிலையங்கள் மிகுந்திருத்தலால், தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று இவ்வூரைச் சிறப்பித்துக் கூறுவது வழக்கம். அக்கல்வி நிலையங்களிற் பல, தேவாலயங்களின் நிழலில் முளைத்தவை. 1778ஆம் ஆண்டில் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றுக் கிளாரிந்தா என்னும் பெயர் பூண்ட மராட்டிய அந்தணப் பெண்மணியொருவர், இங்கு ஒரு சிறு சபையைப் பேணி வளர்த்தார். 1780ஆம் ஆண்டின் சபைப் பதிவேட்டில் காணப்படுவோர் நாற்பது பேரே. 1785இல் அவ்வம்மையார் எழுப்பிய சிற்றாலயத்தைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்று ஊரார் வழங்கலாயினர். 1820இல் இங்கு வந்த ரேனியஸ் ஐயர் காலத்தில், 1826இல், தூய திரித்துவ ஆலயம் எழுந்தது. நெடுந்தொலைவிலிருந்தே தெரியும் அதன் கூரிய கோபுரத்தால், ஊசிக் கோபுரம் என்ற பெயரே மக்கள் நாவில் நிலைத்துவிட்டது. இன்று அது தென்னிந்தியத் திருச்சபையின் திருநெல்வேலித் திருமண்டலத்திற்குத் தலைமை ஆலயம். கத்தோலிக்கருக்குத் தலைமை ஆலயமாக விளங்குவது தூய சவேரியார் பேராலயம். மதுரை உயர் மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து, பாளையங்கோட்டை தனி மறைமாவட்டமானது 1973ஆம் ஆண்டில்.

இனி, ஞாயிற்றுக்கிழமை ஏன் என்னும் வினாவை எடுத்துக்கொள்வோம். யூதர்கள் வாரத்தின் ஏழாம் நாளாகிய சனிக்கிழமையை ஓய்வு நாளாகக் கொண்டனர். இயேசு உயிர்த்தெழுந்தது வாரத்தின் முதல் நாளில் என்பது கிறிஸ்தவர் நம்பிக்கை. ஆதலின், தொடக்கக் காலத்திலேயே அவர்கள் முதல் நாளில் கூடலாயினர். அந்நாளில் அவர்களுக்கு அது விடுமுறை நாளன்று. அடிமைகளாகவும் கூலியாட்களாகவும் இருந்தோர் பலர், பொழுது புலருமுன் கூடிப் பிரார்த்தித்துவிட்டு வேலைக்குச் சென்றனர். கி.பி. 321இல் ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன், ஞாயிற்றுக்கிழமையை நீதிமன்றங்களுக்கும் நகர மக்களுக்கும் ஓய்வு நாளாக்கினான். நம் நாட்டிலோ, பம்பாய் ஆலைத் தொழிலாளர் வாரத்தில் ஒரு நாள் ஓய்வு பெறுவதற்காக நாராயண மேகாஜி லோகண்டே என்பார் பல்லாண்டுகள் போராடினார். 1890ஆம் ஆண்டில் ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இசைந்தனர். நாம் அனைவரும் மகிழ்ந்து துய்க்கும் ஞாயிறு விடுமுறையின் பின்னே, வழிபாட்டின் வரலாறும் உழைப்பாளர் வரலாறும் பின்னிக் கிடக்கின்றன.

இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ரோமாபுரியில் வாழ்ந்த ஜஸ்டின் என்னும் அறிஞர், கிறிஸ்தவர் ஞாயிறுதோறும் என்ன செய்தனர் என்பதைப் பேரரசனுக்கு விளக்கி எழுதியுள்ளார். திருநூல்கள் வாசிக்கப்பட்டன, தலைவர் அறிவுரை கூறினார், எல்லாரும் எழுந்து நின்று ஜெபித்தனர், அப்பமும் திராட்சரசமும் பகிரப்பட்டன, வசதியுடையோர் மனமுவந்து கொடுத்த பொருளைக் கொண்டு அனாதைகளும் விதவைகளும் நோயாளிகளும் சிறையிலிருப்போரும் வழிப்போக்கரும் பேணப்பட்டனர். வாசிப்பு, உரை, ஜெபம், விருந்து, ஈகை என்னும் இந்த ஐந்தையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று பாளையங்கோட்டையில் எந்த ஆலயத்தினுள் நுழைந்தாலும், வடிவம் வேறுபடினும், இந்த ஐந்தையும் காணலாம்.

முதலில் தென்னிந்தியத் திருச்சபையின் ஆலயத்திற்குச் செல்வோம். இத்திருச்சபை, ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகளைச் சேர்ந்த சபைகள் ஒன்றுகூடி, 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் சென்னையில் உருவாக்கியது. ஞாயிறு காலையில் முதல் மணி அடிக்கும். சற்று நேரங்கழித்து இரண்டாம் மணி அடிக்கும். வீடுகளில் கடிகாரம் இல்லாத நாட்களில், முதல் மணி கேட்டுப் புறப்பட்டு, இரண்டாம் மணிக்குள் ஆலயத்தில் அமர்வது மக்கள் வழக்கம். கிராமங்களில் மணியடித்து ஆலயத்தைப் பேணும் பணியாளரைக் கோயிற்குட்டியார் என்று மரியாதையாக அழைப்பர். பெரிய ஆலயங்களில் விசிப்பலகைகள் உண்டு. கிராமத்து ஆலயங்களிலோ பாயில் அமர்வதும், ஆண்கள் ஒரு புறமும் பெண்கள் மறு புறமுமாக இருப்பதும் நெடுங்கால வழக்கம்.

ஆராதனையின் ஒழுங்கை ஒரு விருந்தோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். நம் வீட்டிற்கு வரும் விருந்தினர் கால் கழுவி உள்ளே வருகிறார், அமர்ந்து செய்தி கேட்கிறார், தம் செய்தி சொல்கிறார், உண்கிறார், விடைபெறுகிறார். ஆராதனையும் அவ்வாறே அமைந்துள்ளது. தொடக்கத்தில் சபையார் முழங்காற்படியிட்டுத் தம் குற்றங்களை அறிக்கையிடுகின்றனர். குருவானவர் மன்னிப்பின் வார்த்தையைக் கூறுகிறார். இது கால் கழுவுதல் போன்றது. பின்னர்ச் சங்கீதம் ஓதப்படுகிறது. குருவானவர் ஒரு வசனமும் சபையார் மறு வசனமுமாக மாறி மாறி வாசிப்பர். அடுத்துப் பழைய ஏற்பாட்டிலிருந்தும் நிருபங்களிலிருந்தும் பாடங்கள் வாசிக்கப்படும். சுவிசேஷம் வாசிக்கும்போது அனைவரும் எழுந்து நிற்பர். பாடங்களை வாசிப்பவர் பெரும்பாலும் குருவானவர் அல்லர். சபையைச் சேர்ந்த ஓர் ஆசிரியரோ, மருத்துவரோ, கல்லூரி மாணவியோ வாசிப்பார். அதன்பின் பிரசங்கம். செய்தி கேட்டாயிற்று, ஆகவே, கேட்டதை ஏற்கிறோம் என்பதற்கு அடையாளமாக எல்லாரும் நின்று விசுவாசப் பிரமாணத்தைச் சொல்கின்றனர். பின்னர் நாட்டை ஆள்வோருக்காகவும், நோயுற்றோருக்காகவும், பயணம் செய்வோருக்காகவும், தேர்வு எழுதும் மாணவருக்காகவும்கூட மன்றாட்டு ஏறெடுக்கப்படும். காணிக்கைப் பை வரிசைதோறும் வரும். இறுதியில் ஆசீர்வாதம்.

திருவிருந்து நடைபெறும் நாட்களில், இவ்வொழுங்கின் நடுவே மிகப் பழைமையான ஒரு சடங்கு இடம்பெறும். அதனைச் சமாதான வாழ்த்து என்பர். குருவானவர் அருகிலிருப்பவரின் கைகளைத் தம் கைகளுக்கிடையே பற்றிச் சமாதானம் கூற, அவர் அடுத்தவருக்கு அளிக்க, கைமாறிக் கைமாறி அது கடைசி வரிசைவரை செல்லும். ஐக்கியத்திற்குப்பின் 1950இல் இத்திருச்சபை வகுத்த வழிபாட்டு முறை, வழக்கொழிந்திருந்த இப்பண்டைய செயலுக்குப் புத்துயிர் அளித்தது. அதன்பின் உலகின் வேறு பல சபைகளும் இதன்பால் கவனம் செலுத்தின. இக்கைமாற்றத்தைப் பற்றிப் பின்னர் மீண்டும் பேசுவேன்.

பாட்டைப் பற்றியும் ஒரு சொல். ஞானப்பாட்டு என்பது பெரும்பாலும் ஜெர்மானிய, ஆங்கிலப் பாடல்களின் மொழிபெயர்ப்பு. மேனாட்டு மெட்டில் அமைவது. கீர்த்தனை என்பது நம் நாட்டு இராகத்திலும் தாளத்திலும் பல்லவி, அனுபல்லவி, சரணம் என அமைவது. கீர்த்தனைகளை வளமுறச் செய்தவர்களுள் தலையாயவர் 1774இல் திருநெல்வேலிச் சீமையிற் பிறந்து, தஞ்சையிற் புகழ்பெற்ற வேதநாயக சாஸ்திரியார். 1853இல் வெப் ஐயர் மதுரை மிஷனுக்காகக் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபின், அவை ஊர்தோறும் பரவின. ஒரே ஆராதனையில் ஆர்கன் முழங்க ஒரு ஞானப்பாட்டும், தாளத்தோடு ஒரு கீர்த்தனையும் அடுத்தடுத்து ஒலிப்பதைக் கேட்டால், இருநூறாண்டுப் பண்பாட்டுக் கலப்பை ஒரு மணி நேரத்திற் செவியால் உணரலாம்.

இனிக் கத்தோலிக்க ஆலயத்திற்கு வருவோம். இங்கு வழிபாட்டின் உயிர்நாடி திருப்பலி. முன்னாளில் பூசை என்று வழங்கியது இதுவே. ஞாயிற்றுக்கிழமை மட்டுமன்றி நாள்தோறும் இது நிறைவேற்றப்படுகிறது. ஞாயிறன்று பங்கேற்பது ஒவ்வொரு கத்தோலிக்கரின் கடமை. 1960களுக்கு முன் இது இலத்தீன் மொழியில், குருவானவர் பீடத்தை நோக்கி நின்றவாறு நடைபெற்றது. மக்கள் தமிழில் செபமாலை சொல்லிக்கொண்டும், செபப் புத்தகத்தைப் படித்துக்கொண்டும் இருப்பர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட வழிபாட்டு ஏடு, தாய்மொழிக்கு வழி திறந்தது. அதன்பின் குருவானவர் மக்களை நோக்கி நின்று தமிழிலேயே திருப்பலி நிறைவேற்றலானார். ஒரு மூதாட்டி தம் வாழ்நாளில் முதன்முறையாக முழு வழிபாட்டையும் தம் சொந்த மொழியிற் கேட்டபொழுது அடைந்த உணர்ச்சியை நீங்கள் எண்ணிப் பாருங்கள். கத்தோலிக்கரும் பிற சபையினரும் சேர்ந்து உழைத்த விவிலியப் பொது மொழிபெயர்ப்பு 1995இல் வெளிவந்ததும் இவ்வரிசையிற் குறிப்பிடத்தக்கது.

கத்தோலிக்க ஆலயத்தின் வாரத்தில் வேறு சில அடையாளங்களும் உள. காலை, நண்பகல், மாலை ஆகிய மூவேளையும் ஒலிக்கும் மணி திரிகால செபத்திற்கானது. வாரத்தில் குறித்த ஒரு நாளில் ஒரு புனிதரையோ, தேவமாதாவையோ முன்னிட்டு நவநாள் வழிபாடு நடைபெறும். அதற்குக் கிறிஸ்தவரல்லாதாரும் திரளாக வந்து மெழுகுவர்த்தி ஏற்றிச் செல்வதைக் காணலாம். மாதத்தின் முதல் வெள்ளி இயேசுவின் திரு இருதயத்திற்கு உரியது. திருமணம் செய்ய விரும்புவோரின் பெயர்களை ஞாயிறுதோறும் ஆலயத்தில் அறிவிப்பதை ஓலை வாசித்தல் என்பர். தடை ஏதும் இருப்பின் அறிந்தோர் தெரிவிக்கலாம் என்பதே இதன் கருத்து. பனையோலை மறைந்து பல்லாண்டுகள் ஆகியும் சொல் மறையவில்லை என்பதைத் தமிழ் மாணவர் குறித்துக்கொள்க.

இவ்விரு பெருஞ்சபைகளேயன்றிப் பிறவும் உள. பெந்தெகொஸ்தே சபையினரின் கூட்டத்தில் அச்சிட்ட ஒழுங்கு முறை இராது. எல்லாரும் ஒரே வேளையில் உரத்த குரலில் ஜெபிப்பதும், தம் வாழ்வில் கண்ட நன்மைகளை எழுந்து சாட்சி கூறுவதும் அங்குச் சிறப்பு. ஏழாம் நாள் வருகைச் சபையினர் பழைய முறைப்படி சனிக்கிழமையையே ஓய்வு நாளாகக் கொள்கின்றனர்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆலயத்தின் பணி முடிந்துவிடுவதில்லை. சிறுவர்க்கு ஓய்வுநாள் பள்ளி உண்டு. 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில், வாரம் முழுவதும் தொழிற்சாலையில் உழைத்த ஏழைச் சிறுவர்க்கு எழுத்தறிவிப்பதற்காக ராபர்ட் ரெய்க்ஸ் என்பார் தொடங்கிய முயற்சியே இதன் மூலம். இன்று அது வேதபாட வகுப்பாக மாறியுள்ளது. ஆயினும், கதை கேட்கவும், கூட்டத்தின்முன் அஞ்சாது பேசவும், மனப்பாடம் செய்யவும் சிறுவர் முதன்முதற் கற்பது பல வேளைகளில் இங்கேதான். கத்தோலிக்கர் இதனை மறைக்கல்வி என்பர். முன்னோர் வழங்கிய பெயர் ஞானோபதேசம். வார நாட்களில் பெண்கள் சங்கம் கூடும். மாலையில் வீட்டு ஜெபக் கூட்டங்கள் ஒவ்வொரு தெருவிலும் முறைவைத்து நடைபெறும். வெள்ளியன்று உபவாச ஜெபம் நடத்தும் சபைகள் பல. சனிக்கிழமை மாலை பாடகர் குழு பயிற்சி செய்யும். கத்தோலிக்கப் பங்கில் அன்பியம் என்னும் சிறு குழுக்களாக அண்டை வீட்டார் கூடுவர். 1833இல் பாரிசில் ஓசனாம் என்னும் கல்லூரி மாணவரும் நண்பர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பால் சபையின் உறுப்பினர், கூடிப் பேசுவதோடு நில்லாது ஏழைகளின் வீடுகளுக்கே சென்று உதவுகின்றனர். அதனைத் தொடங்கியோர் உங்கள் வயதினர் என்பதை மறவாதீர்கள்.

திருநெல்வேலிச் சீமையில் வேரூன்றிய ஒரு வழக்கம் பிடியரிசி. வீட்டுத்தலைவி ஒவ்வொரு வேளையும் உலையிலிடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனிக்கலத்திற் போட்டு வைப்பார். சேர்ந்தது ஆலயத்திற்குச் செல்லும். பணம் கையில் இல்லாத பெண்ணும் கொடுப்பவராக நிமிர்ந்து நிற்க இது வழி செய்தது. சிறுதுளி பெருவெள்ளமாயிற்று. 1903ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் பாளையங்கோட்டையில் தோன்றிய இந்திய மிஷனெரிச் சங்கம், இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்னும் கொள்கையோடு தெலுங்கு நாட்டிற்குப் பணியாளரை அனுப்பியது. அதனைத் தோற்றுவித்தோருள் ஒருவராகிய வேதநாயகம் அசரியா, 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய அத்தியட்சரானார். விழியிழந்தோர்க்கான பள்ளியும், 1897இல் தொடங்கிய செவிகேளாதோர் பள்ளியும் இவ்வூரில் நிலைபெற்றதற்கு, வாரந்தோறும் கொடுத்துப் பழகிய கைகளும் துணை நின்றன.

இதுகாறும் கூறியவை சிறப்புகள். குறையைக் கூறாது விடுவது ஆசிரியர் தொழிலுக்கு அழகன்று. ஒரே விருந்தில் பங்குபெறுவோர் ஒரே குடும்பத்தார் என்று வழிபாடு வாரந்தோறும் அறிவிக்கிறது. ஆனால், நம் நாட்டுச் சாதி வேற்றுமை ஆலயத்தின் வாயிலில் நின்றுவிடவில்லை, உள்ளேயும் நுழைந்தது. யார் எங்கே அமர்வது, பொதுக் கிண்ணத்திலிருந்து யார் முதலிற் பருகுவது என்பனவெல்லாம் பூசலுக்குக் காரணமாயின. 1833இல் கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை உடனடியாக ஒழிக்க வேண்டும் என்று கட்டளையிட்டபோது, தஞ்சை முதலிய இடங்களில் பலர் சபையைவிட்டே விலகினர். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில், இரு பிரிவினரும் தனித்தனியே இருந்து ஒரே பீடத்தை நோக்குமாறு, கால்சட்டையின் இரு கால்களைப் போன்ற இரட்டைக் கூடங்களுடன் ஓர் ஆலயம் கட்டப்பட்டது. அவர்களைப் பிரித்த தடுப்பு 1910இல் அகற்றப்பட்டது. அதனை எதிர்த்து வழக்கும் நடந்தது. சுவர் விழுந்தபின்னரும், சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலும், திருமணப் பேச்சிலும், சேகரத் தேர்தலிலும் அவ்வேற்றுமை இன்னும் தலைகாட்டுகிறது.

சமாதான வாழ்த்தைப் பற்றி மீண்டும் பேசுவேன் என்றேன் அல்லவா? ஒருவர் கையை ஒருவர் பற்றுவது என்பது, தீண்டாமை நிலவிய நாட்டில் வெறுஞ்சடங்கன்று. அஃது ஓர் உறுதிமொழி. பாட்டனார் காலத்தில் தொடுவதற்கு மறுக்கப்பட்ட கையை, பேரன் ஞாயிறுதோறும் பற்றுகிறான். அவ்வுறுதிமொழி தெருவிலும் காப்பாற்றப்படுகிறதா என்பதே, ஒரு சபையின் வாராந்தர வழிபாடு மெய்யா பொய்யா என்று காட்டும் உரைகல். இவ்வினாவை எல்லாச் சமயத்தாரும் தத்தம் வழிபாட்டை நோக்கிக் கேட்டுக்கொள்ளல் நலம். எனினும், ஒரு வேறுபாடு உண்டு. தன் குறையைத் தானே அளக்கும் கோலை வாரந்தோறும் கையில் எடுக்கும் சமுதாயம், அக்குறையை நெடுநாள் மறந்திருக்க இயலாது. ஒழுங்கான வழிபாட்டின் பெரும்பயன்களுள் இதுவும் ஒன்றென எண்ணுகிறேன்.

காலம் சில மாறுதல்களைக் கொணர்ந்துள்ளது. பாட்டுப் புத்தகத்தின் இடத்தைப் பல ஆலயங்களில் வெண்திரை பிடித்துக்கொண்டது. 2020ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவிய காலத்து ஆலயங்கள் மூடப்பட்டன. மக்கள் வீட்டிலிருந்தே கைப்பேசி வாயிலாக ஆராதனையைக் கண்டனர். பிரசங்கம் வீடு தேடி வந்தது, பாட்டும் வந்தது. ஆனால், அடுத்தவர் கையைப் பற்றுதலும், ஒரே அப்பத்தைப் பகிர்தலும் கைப்பேசியில் வர இயலவில்லை. எது வழிபாட்டின் அணி, எது அதன் உடல் என்பதை அந்நாட்கள் பலருக்கு உணர்த்தின.

மாணவர்களே, அண்டையிலுள்ள ஆலயத்தின் ஆராதனையைக் காண உங்களுக்கு விருப்பமிருந்தால், குருவானவரிடம் முன்னரே சொல்லிவிட்டுச் செல்லுங்கள், மகிழ்ந்து வரவேற்பர். பிறர் மிதியடியைக் கழற்றினால் நீங்களும் கழற்றுங்கள். பிறர் நிற்கும்போது நில்லுங்கள். அப்பமும் இரசமும் அளிக்கப்படும்போது அமைதியாக இருக்கையிலேயே இருங்கள். அது சபையின் உறுப்பினர்க்கு உரியது. விளங்காதவற்றை ஆராதனை முடிந்தபின் கேளுங்கள். அவ்வாறே உங்கள் வழிபாட்டைக் காண விரும்பும் கிறிஸ்தவ நண்பருக்கும் நீங்கள் பொறுமையோடு விளக்குங்கள்.

ஆலயங்களின் வாயிலில் அறிவிப்புப் பலகையொன்று இருப்பதைப் பலமுறை கண்டிருப்பீர்கள். திருவிருந்து ஆராதனை இத்தனை மணி, ஓய்வுநாள் பள்ளி இத்தனை மணி, நவநாள் இந்தக் கிழமை என்று அதில் எழுதியிருக்கும். அடுத்த முறை அவ்வழியே செல்லும்பொழுது சற்று நின்று அதனைப் படியுங்கள். நேற்றுவரை வெறும் நேர அட்டவணையாகத் தோன்றிய அப்பலகையில், நம் அண்டை வீட்டாரின் ஒரு வாரம் முழுவதும் எழுதப்பட்டிருப்பதைக் காண்பீர்கள்.